பாவையும் பாவை செய்தோரும்

தமிழிலே 'பாவை' என்னும் சொல்லுக்குப் பொருள்கள் பல. பதுமை என்பது ஒன்று. பெண் என்பது மற்றொன்று. கண்ணின் கருமணியையும் பாவை என்றே நம் முன்னோர் அழைத்தனர். கிரேக்க மொழியின் 'கோரே' என்ற சொல் இளம்பெண்ணையும் கண்மணியையும் ஒருங்கே குறிக்கின்றது. இலத்தீன் மொழியின் 'பூப்பில்லா' என்ற சொல்லும் சிறுமி, பதுமை, கண்மணி என்னும் பொருள்களைத் தருகின்றது. வெவ்வேறு மொழி பேசிய மக்கள் ஒரே காட்சியைக் கண்டிருக்கின்றனர். பிறரது கண்ணை உற்று நோக்குபவர் அங்கே ஒரு சிற்றுருவைக் காண்கின்றார். அது அவருடைய உருவமே. மனிதன் தன்னைச் சிறிதாகக் கண்ட இடம் கண்பாவை. தன்னைச் சிறிதாகச் செய்துகொண்ட பொருள் பதுமை.

சென்ற தவணையில் தரம் ஒன்பது மாணவரிடம் பிளாஸ்ரிக் பொம்மையொன்றைக் கொடுத்து, "இதனைச் செய்தவர் யார்?" என வினவினோம். பொம்மையைத் திருப்பிப் பார்த்த ஒரு மாணவி, "சீனா" என்றாள். வேறொருவன், "கொம்பனி" என்றான். மூன்றாமவன், "மெஷின்" என்றான். மூன்று விடைகளிலும் உண்மை உண்டு. ஆனால் அவற்றுள் ஒன்றிலேனும் மனிதர் இல்லை. பிழை மாணவருடையதன்று. பொம்மையின் வரலாறு பெரும்பாலும் அதனை வைத்து விளையாடிய குழந்தையின் பக்கமாக நின்றோ, அதனைச் சேகரித்துக் கண்ணாடிப் பேழையில் வைத்த செல்வரின் பக்கமாக நின்றோ எழுதப்பட்டு வந்துள்ளது. பொம்மையைச் செய்த கையின் பக்கம் நின்று அவ்வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொம்மை மனித குலத்தின் மிகப் பழைய பொருள்களுள் ஒன்று. ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட எகிப்தியக் கல்லறைகளிலே தட்டையான மரப்பாவைகள் கிடைத்துள்ளன; அவற்றின் கூந்தல் மணிகளைச் சரமாகக் கோத்துச் செய்யப்பட்டது. அவை விளையாட்டுப் பொருள்களல்ல, சடங்குப் பொருள்களே எனக் கருதும் ஆய்வாளர் பலர். 1889 ஆம் ஆண்டு உரோமாபுரியில் நீதிமன்ற மாளிகைக்கு அத்திவாரம் தோண்டியபோது, கிரெபெரேயா திரிபேனா என்னும் இளம்பெண்ணின் கற்பேழை வெளிப்பட்டது. அவளுடன் புதைக்கப்பட்டிருந்த தந்தப் பதுமை கி. பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் தோளும் முழங்கையும் இடுப்பும் முழங்காலும் மடங்கி நிமிரக்கூடியவை. சங்க இலக்கியங் காட்டும் நெய்தல் நிலத்துச் சிறுமியரோ ஈர மணலைப் பிசைந்து வண்டற்பாவை செய்து விளையாடினர்; அலை வந்து அதனை அழித்தபோது அழுதனர்; பின்னர் வேறொன்று செய்தனர்.

யப்பானின் வடகிழக்குப் பகுதியான தொஹொக்குவிலே 'கொக்கேஷி' எனப்படும் மரப்பாவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தோன்றியது. கிண்ணமும் தட்டும் கடைந்து பிழைத்த மலைநாட்டுக் கடைசற்காரர், வெந்நீரூற்றுகளை நாடி வந்த மக்களுக்கு விற்பதற்காக, கையும் காலும் இல்லாத இவ்வெளிய பாவையைக் கடைந்தனர். ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு வடிவம் உண்டு. நருகோ என்னும் ஊரிற் செய்த பாவையின் தலையைத் திருகினாற் கிறீச்சிடும்.

இவற்றுள் வண்டற்பாவையைச் செய்தவளும் அதனை வைத்து விளையாடியவளும் ஒருத்தியே. கொக்கேஷியைச் செய்தவரோ தம் கடைசற் பட்டறைக்குத் தாமே உரியவர். மரத்துண்டை எடுப்பது முதல் முகத்தை வரைவது வரை முழுப்பாவையும் அவர் கையில் உருவானது. வாங்குவோரின் முகத்தையும் அவர் கண்டார். இத்தொடர்பு அறுந்து, செய்பவர் ஒருபுறமும் விளையாடும் குழந்தை கடலுக்கு அப்பாலும், இருவரையும் இணைப்பவன் வணிகன் மட்டுமே என்றும் ஆன நிலை எவ்வாறு தோன்றியது? இதனை அறிவதற்கு ஜேர்மனியிலுள்ள சொன்னெபேர்க் நகரின் வரலாற்றினும் தெளிவான சான்று வேறில்லை எனலாம்.

துரிங்கிய மலைக்காட்டின் தெற்குச் சரிவிலே அமைந்தது சொன்னெபேர்க். நிலம் வளமற்றது, மரமோ மிகுதி. நூரெம்பேர்க்கிலிருந்து லைப்சிக் செல்லும் பழைய வணிகப் பாதை அவ்வழியே சென்றது. ஆதலால், ஏழை உழவர் செதுக்கிய மரச் சாமான்களையும் ஊதுகுழல்களையும் விளையாட்டுப் பொருள்களையும் முதலில் நூரெம்பேர்க் வணிகரும், பின்னர் உள்ளூர் வணிகரும் வாங்கி விற்றனர். 1789 ஆம் ஆண்டு மைனிங்கன் கோமகன் இந்நகர் வணிகருக்கு ஒரு பெருஞ்சலுகைப் பட்டயம் வழங்கினான். வாணிப உரிமை அவர்களுக்கே உரியதாயிற்று. செய்பவன் வேறு, விற்பவன் வேறு என்ற பிரிவு சட்டத்தின் முத்திரையைப் பெற்றது. பிரான்சிலே பிரபுக்களின் சலுகைகளைப் புரட்சி ஒழித்ததும் அதே 1789 இல் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கடதாசிக் கூழ் சொன்னெபேர்க்கை வந்தடைந்தது. மரத்தைச் செதுக்குவதற்கு நெடுநாட் பயிற்சி வேண்டும். ஊறவைத்த கடதாசி, பசை, சுண்ணம் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்த மாவை அச்சிலே அழுத்துவதற்கோ அத்தகைய பயிற்சி வேண்டியதில்லை. சிறுவரின் விரலும் போதும். மாவை அடை போலத் தட்டி, முகத்தின் பாதி அச்சில் ஒன்றும், பின்தலையின் பாதி அச்சில் ஒன்றுமாக அழுத்தி, இரண்டையும் ஒட்டி, அடுப்பருகே உலர்த்துவர். இந்த எளிய மாற்றம் உற்பத்தியைப் பெருக்கியது. அதே வேளையில், தொழிலைச் சிறு சிறு கூறுகளாக உடைக்கவும் வழி செய்தது.

உடைந்த கூறுகள் எத்தனை! தலையை அழுத்துவோர் ஒரு குடும்பம். வண்ணந் தீட்டுவோர் மற்றொரு குடும்பம். கண் பொருத்துவோர், முடி ஒட்டுவோர், உடற்பையைத் தைப்போர், அதனுள் மரத்தூள் திணிப்போர், சட்டை தைப்போர், சப்பாத்துச் செய்வோர் எனப் பொம்மை வீடு வீடாகச் சென்று உருப்பெற்றது. முழுப் பொம்மையைச் செய்பவர் எவருமிலர். அருகிலுள்ள லௌஷா என்னும் ஊரில் 1597 முதல் கண்ணாடித் தொழில் நடந்து வந்தது. அங்கேயுள்ள தொழிலாளர் விளக்குச் சுடரிலே கண்ணாடிக் குழலை இளக்கி ஊதிப் பொம்மைக் கண்களைச் செய்தனர்.

நூற்றாண்டின் பிற்பகுதியில் மெருகிடாத பீங்கான் தலை பெருவழக்காயிற்று. வெண்களிமண், களிக்கல், குவாட்ஸ் ஆகியவற்றின் பொடியை நீரிற் கரைத்த கூழை, பாரிஸ் சாந்தினாலான அச்சில் ஊற்றுவர். சாந்து நீரை உறிஞ்ச, அச்சின் உட்சுவரிலே மெல்லிய ஓடு படியும். எஞ்சிய கூழைக் கவிழ்த்துவிட்டு, ஓடு முற்றிலும் உலருமுன் கண்குழிகளையும் உச்சந்தலையையும் கத்தியால் வெட்டித் திறப்பர். சூளையிற் சுட்டு, தேய்த்து, கன்னத்துக்கும் இதழுக்கும் நிறமூட்டி, குறைந்த வெப்பத்திலே மீண்டுஞ் சுடுவர். உச்சித் துளை வழியாகக் கண்ணாடிக் கண்களை உள்ளே வைத்துச் சாந்தினாற் பொருத்தி, அங்கோரா ஆட்டின் மயிராற் செய்த முடியை மேலே ஒட்டுவர். படுக்கவைத்தாற் கண்மூடும் பொம்மையின் தலையினுள்ளே சிறிய ஈயக் குண்டொன்று தொங்கும். சூளை முதலாளியின் தொழிற்சாலையில் இருந்தது. தைத்தல், திணித்தல், உடுத்தல் முதலிய வேலைகள் தொடர்ந்து குடிசைகளிலேயே நடந்தன.

அக்குடிசையைக் கற்பனை செய்வது கடினமன்று. சமைப்பதும் உண்பதும் உறங்குவதும் கூழ் பிசைவதும் ஒரே அறையில். அடுப்பைச் சுற்றிலும் உலரும் தலைகளும் கைகால்களும். அறை முழுவதும் ஈரமும் பசைநாற்றமும். வேலை முடிந்ததும், முதுகிலே கட்டிய பெரிய கூடையில் அவற்றை அடுக்கிக்கொண்டு பெண்கள் மலைப்பாதையில் நடந்து சென்று வணிகனின் கிட்டங்கியில் ஒப்படைத்தனர். வணிகனிடம் மாதிரி அறை இருந்தது. 1831 ஆம் ஆண்டளவிலேயே சொன்னெபேர்க் விளையாட்டுப் பொருள்களை வண்ணப் படங்களாகக் காட்டும் மாதிரிப் புத்தகம் தோன்றிவிட்டது. 1858 இல் இருப்புப்பாதை வந்தது. கடல் கடந்த வாங்குவோர் மாதிரியைக் காட்டி விலை பேசினர், அவ்விலையிலிருந்து வணிகன் தன் இலாபத்தைக் கழித்தான், எஞ்சியதே கூலியாயிற்று. நத்தார்ப் பண்டிகைக்கான கட்டளைகள் குவியும் மாதங்களில் இரவும் பகலும் வேலை. பண்டிகை கழிந்ததும் வேலையின்மை. உலகக் குழந்தைகளின் மகிழ்ச்சிக்குரிய அந்நாளை நோக்கியே அக்குடும்பங்களின் ஓய்வும் பசியும் அளக்கப்பட்டன.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். சொந்தக் குடிசையும் சிறு தோட்டமும் உடைய இம்மக்கள், நகரத்து ஆலைத் தொழிலாளரினும் நல்வாழ்வு வாழ்ந்தனர் அல்லவா? வேலை வீட்டுக்கே வந்தது அல்லவா? அக்காலத்து நல்லெண்ணம் படைத்தோர் பலரும் இவ்வாறே எண்ணினர். இதற்குத் தக்க விடையை ஏங்கல்ஸ் 1887 இல், 'வீட்டுப் பிரச்சினை' என்னும் தமது நூலின் இரண்டாம் பதிப்புக்கு எழுதிய முன்னுரையிலே தந்துள்ளார். குடிசையும் தோட்டமும் தொழிலாளியை அவ்வூரோடு பிணைத்துவிடுகின்றன; வேறிடஞ் செல்ல இயலாதவன் எந்தக் கூலியையும் ஏற்கவேண்டியவனாகின்றான். தோட்டத்திலிருந்து அவன் பெறுங் கிழங்கின் பெறுமதியை முதலாளி கூலியிலிருந்து குறைத்துவிடுகின்றான். ஜேர்மன் பண்டங்கள் உலகச் சந்தையிலே மலிவாக விற்கப்பட்டதன் இரகசியம் இதுவே என அவர் காட்டினார். அதே காலத்தில் எமனுவெல் சாக்ஸ் என்னும் ஆய்வாளர் துரிங்கியாவின் வீட்டுக் கைத்தொழில் பற்றி ஆராய்ந்து, 1882 முதல் வெளியிட்ட நூலில் இம்மலைநாட்டு மக்களின் வறுமையை விரிவாகப் பதிவு செய்தார்.

மலிவின் வலிமையைப் பிரான்சின் அனுபவம் உணர்த்தும். பாரிஸ் அருகே இயங்கிய ஜூமோ நிறுவனத்தின் பொம்மைகள் 1878 ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியிலே தங்கப்பதக்கம் பெற்றவை. சீமாட்டியரைப் போலப் பட்டுடுத்தவை. ஆயினும் ஜேர்மன் விலையோடு போட்டியிட இயலாது, 1899 இல் அந்நிறுவனம் ஏனைய நிறுவனங்களோடு ஒரே சங்கமாக இணைய நேர்ந்தது. பட்டுடுத்த பொம்மையை வென்றது சிறந்த பொம்மையன்று, குறைந்த கூலியே.

அக்குறைந்த கூலியிலும் ஒரு பங்கு கூலியின்றியே பெறப்பட்டது. தாயும் தந்தையும் பேசிய கூலிக்குள் பிள்ளைகளின் உழைப்பும் அடங்கியிருந்தது. பள்ளி விட்டு வந்த சிறுமி உடற்பைகளைத் திருப்பினாள். சிறுவன் மரத்தூள் திணித்தான். பிற நாட்டுச் சிறுமி உறங்குமுன் அணைத்துக்கொண்ட பொம்மை, மற்றொரு சிறுமியின் உறக்கத்தைக் குறைத்துச் செய்யப்பட்டதாகும்.

இவ்விடத்தில் நம் தொழிலைச் சேர்ந்த இருவரை நினைவுகூர்வது பொருத்தமானது. ஒருவர் பவுல் குன்ட்ஸே. 1901 ஆம் ஆண்டிலே சொன்னெபேர்க்கில் நூதனசாலையொன்றை நிறுவிய ஆசிரியர். அவர் சேர்த்துவைத்தவற்றினாலேயே அத்தொழிலின் கலைத்திறனை நாம் இன்று அறிய முடிகின்றது. மற்றவர் கொன்ராட் அகாட். பேர்லினை அடுத்த ரிக்ஸ்டோர்ஃப் என்னும் ஊரின் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர். வகுப்பிலே தூங்கி விழும் பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று அவர் தண்டிக்கவில்லை. அவர்கள் எங்கே, எத்தனை மணிநேரம் வேலை செய்கின்றனர் எனக் கேட்டுக் கணக்கெடுத்தார். அவரும் ஆசிரியர் சங்கங்களும் இயக்கம் நடத்தினர். 1898 ஆம் ஆண்டு அரசாங்கம் நடத்திய கணக்கெடுப்பு, ஆலைகளுக்கு வெளியே உழைக்கும் பிள்ளைகள் 5 இலட்சத்துக்கும் அதிகம் எனக் காட்டியது. 1903 இல் குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. வீட்டுக் கைத்தொழிலையும், பெற்றோரிடமே உழைக்கும் பிள்ளைகளையும் முதன்முதலாக அச்சட்டம் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது: பிறர் பிள்ளைகளாயின் 12 வயதும், சொந்தப் பிள்ளைகளாயின் 10 வயதும் நிரம்பும்வரை பட்டறை வேலைக்கு வைத்தல் ஆகாது. குடிசை தோறும் நுழைந்து அதனை நிலைநாட்டுதல் அரிதாயிருந்தது என்பது உண்மையே. வயல்வேலை அச்சட்டத்துக்கு அப்பாற்பட்டே நின்றது என்பதும் உண்மையே. ஆயினும், குடிசைக் கதவுக்கு அப்பால் நடப்பது குடும்பத்தின் சொந்த விவகாரம் என்ற பழைய கொள்கை அன்று உடைந்தது.

1906 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே பேர்லினில் வீட்டுத் தொழிலாளர் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. தொழிற்சங்கத்தாரும் சமூகச் சீர்திருத்தவாதிகளும் முன்னின்று நடத்திய அப்பொருட்காட்சியில், குடிசைகளிற் செய்யப்பட்ட பல்வகைப் பண்டங்கள் அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் மீதும் ஒரு சீட்டு: இதனைச் செய்ய எத்தனை மணிநேரம் ஆயிற்று, இதற்குக் கிடைத்த கூலி எவ்வளவு. விலைச்சீட்டைப் பார்த்துப் பழகிய கண்கள் முதன்முறையாகக் கூலிச்சீட்டைப் படித்தன. 1911 இல் வீட்டு வேலைச் சட்டம் பிறப்பதற்கு அச்சீட்டுகளும் துணைநின்றன.

1914 இல் முதலாம் மகாயுத்தம் மூண்டது. கடற்றடையினால் சொன்னெபேர்க்கின் ஏற்றுமதி முடங்கியது. இங்கிலாந்தின் பீங்கான் ஆலைகளும் யப்பானிய நிறுவனங்களும் பொம்மைத் தலைகளை வார்க்கத் தொடங்கின. எந்நாட்டிலும் தேடிக்கொள்ளத்தக்கது மலிந்த உழைப்பு என்பதை வாங்குவோர் அறிந்துகொண்டனர். இரண்டாம் மகாயுத்தத்தின் பின்னர் சொன்னெபேர்க் கிழக்கு ஜேர்மனியுள் அமைந்தது. பொம்மைத் தொழில் காலப்போக்கில் அரசுடைமையாயிற்று. அயலூரான நொய்ஷ்டாட் மேற்கு ஜேர்மனியில் அமைய, இரண்டுக்கும் இடையே எல்லைவேலி எழுந்தது. 1990 இல் நாடு இணைந்தபோது, சந்தைப் போட்டியைத் தாங்காது அரசுடைமை ஆலைகள் சிதைந்தன. தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். பழைய முதலாளித்துவம் அவர்களைப் பசியோடு உழைக்க வைத்தது. புதிய சந்தையோ அவ்வுழைப்பே வேண்டாம் என்றது.

அந்த நொய்ஷ்டாட்டிலேதான் 1955 இல் 'லில்லி' என்னும் பொம்மை செய்யப்பட்டது. மேற்கு ஜேர்மன் நாளிதழொன்றின் கேலிச்சித்திரப் பாத்திரமான அவள் வளர்ந்த பெண்ணின் உருவினள். ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ரூத் ஹான்ட்லர் சுவிற்சர்லாந்தில் அப்பொம்மையைக் கண்டார். அதனைத் தழுவி அவருடைய மற்றெல் நிறுவனம் 1959 இல் வெளியிட்டதே 'பார்பி'. தொடக்க காலப் பார்பி யப்பானிலே வார்க்கப்பட்டாள். அவளுடைய சிறு சட்டைகளை யப்பானியப் பெண்கள் தம் வீடுகளிலிருந்தே தைத்தனர். துரிங்கியக் குடிசையின் முறை கடல் கடந்து சென்றது. யப்பானிற் கூலி உயர, பொம்மைத் தொழில் ஹொங்கொங்குக்கும் தாய்வானுக்கும், பின்னர் சீனாவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் இடம்பெயர்ந்தது.

1993 மே 10 ஆம் நாள், தாய்லாந்தின் தலைநகரை அடுத்த நக்கோன் பத்தோம் மாகாணத்திலே இயங்கிய கேடர் விளையாட்டுப் பொருள் ஆலையில் தீப்பற்றியது. ஏற்றுமதிக்கான பஞ்சுப் பொம்மைகளும் பிளாஸ்ரிக் பொம்மைகளும் அங்கே செய்யப்பட்டன. வெளியேறும் கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. தீக்காப்பற்ற உருக்குச் சட்டங்களாலான கட்டிடம் விரைவிலே இடிந்து வீழ்ந்தது. 188 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் நாட்டுப்புறத்திலிருந்து வேலை தேடி வந்த இளம்பெண்கள். அதே ஆண்டு நவம்பர் மாதம் சீனாவின் ஷென்சென் நகரிலே மற்றொரு பொம்மை ஆலை எரிந்து, 80 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அங்கும் கதவுகள் அடைபட்டிருந்தன. பொம்மையின் வரலாறு நூதனசாலைக்கு உரியதென்று எண்ணுவோர்க்கு இவ்விரு தீகளும் விடையாகும்.

பொம்மையை வெறுக்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. வண்டற்பாவை செய்த சிறுமியின் இன்பமே பொம்மையின் உண்மையான பயன். அவ்வின்பம் எக்குழந்தைக்கும் உரியது. சொன்னெபேர்க் தொழிலாளரின் கைத்திறனையும் நாம் குறைத்து மதிக்கவில்லை. ஒரு கோட்டிலே புருவத்தை உயிர்பெறச் செய்த அத்திறன் போற்றுதற்குரியது. நாம் கண்டிப்பது, அத்திறனையும் அவ்வின்பத்தையும் பிரித்து நடுவில் நின்ற ஏற்பாட்டையே.

பழைய பீங்கான் பொம்மையின் கூந்தலை விலக்கினாற் பிடரியிலே சில குறிகளைக் காணலாம். ஆலை முதலாளியின் பெயரெழுத்துகள் ஒன்று. அச்சின் எண் மற்றொன்று. 1890 இல் ஐக்கிய அமெரிக்கா இயற்றிய சுங்கச் சட்டம் பிறப்பிட நாட்டின் பெயரைப் பொறிக்குமாறு கட்டளையிட்டதால், 'ஜேர்மனி' என்ற சொல்லும் அங்கே சேர்ந்தது. முதலாளிக்கு இடமிருந்தது, அச்சுக்கு இடமிருந்தது, அரசின் சுங்கத்துக்கும் இடமிருந்தது. செய்த மனிதருக்கு மட்டும் இடமிருக்கவில்லை. "சீனா", "கொம்பனி", "மெஷின்" என நம் மாணவர் கூறிய மூன்று விடைகளும் அப்பிடரிக் குறிகளின் தொடர்ச்சியே.

பேர்லின் பொருட்காட்சியிலே தொங்கிய சீட்டை நம் வகுப்பறைகளில் மீண்டும் எழுதவேண்டும். பொம்மைக்கு மட்டுமன்று, மாணவர் அணிந்திருக்கும் சட்டைக்கும், குடிக்கும் தேநீருக்கும் அச்சீட்டை எழுதப் பழக்கவேண்டும். யார் செய்தார்? எத்தனை மணிநேரம்? என்ன கூலி? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தேடும் பிள்ளைக்கு வரலாறு மன்னர் பட்டியலாகத் தோன்றாது. அகாட் என்ற ஆரம்பப் பாடசாலை ஆசிரியர் செய்ததும் இதுவே: தம் முன்னே தூங்கி விழுந்த பிள்ளையைக் கேட்டார், விடையை எழுதினார், அதனை நாட்டுக்குக் காட்டினார். நம் வகுப்புகளிலும் தூங்கி விழும் பிள்ளைகள் இல்லாமலில்லை.